திரைச்சீலை மூடுவதற்கு மட்டுமா?

கடந்த நவம்பரில் என் சித்தப்பாவின் மகள் கிழக்கு லண்டனில் ஒரு சின்ன பிளற் வாடகைக்கு எடுத்தாள். முதல் வேலை, முதல் வீடு. ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். நல்ல அறை, தெற்குப் பக்கம் பெரிய யன்னல். ஆனால் அந்த யன்னலில் ஒரு பழைய கட்டில் விரிப்பு தொங்கியது. நாலு மூலையிலும் ஊசி குத்தி இறுக்கியிருந்தாள். பகல் 2 மணி, வெளியே வெயில். உள்ளே மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“ஏன் பிள்ளை, ஒரு கேட்டின் வாங்கிப் போடலாமே?” என்று கேட்டேன்.

“வாடகை வீடுதானே அண்ணா. சொந்தமா வாங்கினாப் பிறகு வடிவாப் போடலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. லண்டனில் சொந்த வீடு வாங்க அவளுக்கு எத்தனை வருடம் ஆகும்? பத்து? பதினைந்து? அதுவரைக்கும் பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊசி குத்திய துணிக்குப் பின்னால் இருக்கப்போகிறாளா?

உங்களில் பலருடைய அறையும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரொறன்ரோவில் நிலக்கீழ் அறையாக இருக்கலாம், ஒஸ்லோவில் மாணவர் விடுதியாக இருக்கலாம். நானும் இருபத்தாறு வயதுவரை அப்படித்தான் இருந்தேன். அதனால் இன்றைக்கு ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். யன்னலுக்கு ஒழுங்கான திரைச்சீலை போடுங்கள். இப்போதே போடுங்கள். போட்டுவிட்டு, அதைத் திறவுங்கள்.

கடைசிச் சொல்தான் முக்கியம். அது ஏன் என்று சொல்ல, என் அம்மாவின் வீட்டுக்குப் போகவேண்டும்.

நான் வளர்ந்தது வடமேற்கு லண்டனில் ஒரு வரிசை வீட்டில். முன் அறை யன்னலில் தடித்த மெரூன் நிறத் திரைச்சீலை. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது வாங்கியது. அதற்குப் பின்னால் ஒரு வெள்ளை நெற் துணி, காலத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. அந்த மெரூன் துணி முழுதாகத் திறந்ததை நான் கண்டது குறைவு. பொங்கலுக்கு, என் தங்கச்சியின் சாமத்தியச் சடங்குக்கு, வீட்டை மதிப்பிட வங்கி ஆள் வந்த அன்றைக்கு. மற்ற நாட்களில் நடுவில் ஒரு சாண் இடைவெளி மட்டும்தான்.

அந்த வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது. “விளக்கைப் போட முதல் கேட்டினை இழு.” நானோ தங்கச்சியோ மறந்து முதலில் விளக்கைப் போட்டுவிட்டால் அம்மா குசினியிலிருந்து ஓடி வருவா. கத்தமாட்டா. ஓடி வந்து, இழுத்து மூடிவிட்டு, கொஞ்ச நேரம் துணியைப் பிடித்தபடி நிற்பா.

சின்ன வயதில் இது அம்மாவின் வெட்கம் என்று நினைத்தேன். “வெளியால போறவை எல்லாம் உள்ளுக்குப் பாப்பினம்” என்றுதான் எப்போதும் சொல்லுவா. பதினெட்டு வயதில் அதைப் பழமைவாதம் என்று நினைத்தேன். உண்மையான காரணம் எனக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதுவும் நேரே சொல்லவில்லை. பெரியம்மாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கும்போது என் காதில் விழுந்தது.

1990. மீண்டும் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லாமல் போன வருடம். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. ஆகாயத்தில் சத்தம் கேட்டால் அதையும் ஊதி அணைக்கவேண்டும். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று தாத்தா யன்னல்களில் சாக்குத் தைத்து மாட்டியிருந்தாராம். விளக்கை ஏற்ற முதல் சாக்கை இழுத்துவிடும் வேலை அம்மாவுக்கு. அடுத்த வருடம் அம்மா கொழும்பு வழியாக லண்டனுக்கு வந்துவிட்டா. அந்தச் சாக்கும் கூடவே வந்துவிட்டது. மெரூன் நிறத்தில்.

இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் உரிய கதை இல்லை. திரைச்சீலைக் கடையில் ‘பிளாக்அவுட்’ என்று எழுதிய பொதியைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்தைத் தடுக்கும் துணி. இரண்டாம் உலகப் போரில் இந்த நாடே அந்தச் சொல்லோடுதான் வாழ்ந்தது. 1939 செப்டெம்பர் 1ஆம் திகதி, பிரித்தானியா போரை அறிவிக்க இரண்டு நாள் முன்பே, வெளிச்சக் கட்டுப்பாடு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வீட்டு யன்னலிலும் கறுப்புத் துணி. ஒரு கீற்று வெளிச்சம் வெளியே தெரிந்தால் தெருக் காவலர் வந்து கதவைத் தட்டுவார். 1944 செப்டெம்பரில் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். 1945 ஏப்ரலில் முழுதாக எடுத்தார்கள்.

அதாவது, லண்டனின் அம்மாமாருக்கு ஒரு நாள் யாரோ வந்து, “இனி மூடத் தேவையில்லை” என்று சொன்னார்கள். எங்கள் அம்மாமாருக்கு அப்படி ஒரு திகதி இல்லை. விமானத்தில் ஏறினார்கள், இறங்கினார்கள், ஒரு யன்னல் கிடைத்தது, மூடினார்கள்.

நாங்கள் அந்த மூடிய அறைகளில் வளர்ந்தோம். ஆனால் எங்களுடைய காரணம் வேறு. அம்மா பயத்தில் மூடினா. தங்கச்சி ‘பிறகு பார்ப்போம்’ என்று மூடியிருக்கிறாள். ஒருத்தி தான் விட்டுவந்த ஊரிலேயே இருக்கிறா, மற்றவள் இன்னும் வாங்காத வீட்டில் இருக்கிறாள். இரண்டு பேரும் இப்போது இருக்கிற அறையில் இல்லை. என் கவலை அதுதான்.

லண்டனில் டிசெம்பர் நடுவில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மிகக் குறுகிய நாளில் பகல் வெளிச்சம் 8 மணித்தியாலம்கூட இல்லை. ஒஸ்லோவில் அது 6 மணித்தியாலத்துக்குக் கிட்ட. அந்த வெளிச்சத்தையும் நாங்கள் துணியால் அடைக்கிறோம். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை யன்னல்களுக்கு வரி இருந்தது. வரியைத் தவிர்க்க ஆட்கள் யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அப்படி அடைத்த யன்னல்கள் சில பழைய வீடுகளில் இன்றும் தெரியும். எங்களிடம் யாரும் வரி கேட்கவில்லை. நாங்கள் சும்மாவே அடைக்கிறோம்.

அப்படியென்றால் திரைச்சீலையே வேண்டாமா? இல்லை. துணி இல்லாத யன்னல் அறையை மொட்டையாக்கிவிடும். குரல் சுவரில் பட்டு எதிரொலிக்கும். இரவானால் கண்ணாடி ஒரு கறுப்புப் பலகை போல நிற்கும். திரைச்சீலையின் பெறுமதி, அது அசைகிற துணி என்பதில் இருக்கிறது. பகலில் ஒதுங்க வேண்டும், இரவில் கூட வேண்டும். ஊசி குத்திய கட்டில் விரிப்பு அசையாது. அம்மாவின் மெரூன் துணியும் அசையவில்லை. அசையாத துணி இன்னொரு சுவர்தான்.

இனி, அழகாகப் போடுவது எப்படி. இதில் பெரிய கலை ஒன்றும் இல்லை, அளவுதான்.

முதலாவது, கம்பியின் அகலம். பெரும்பாலான ஆட்கள் யன்னல் எவ்வளவு அகலமோ அதே அளவில் கம்பி வாங்குவார்கள். அம்மா வீட்டிலும் அப்படித்தான். யன்னல் 180 செ.மீ., கம்பியும் 180 செ.மீ. தடித்த துணியை முழுதாகத் திறந்தாலும் அது இரு பக்கமும் சுமார் 25 செ.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 180இல் 50 போய்விட்டது. திறந்த யன்னலிலும் கால்பங்குக்கு மேல் வெளிச்சம் இல்லை! கம்பி இரு பக்கமும் 20 முதல் 30 செ.மீ. வெளியே நீண்டால், திறந்த துணி கண்ணாடியை விட்டுச் சுவரில் போய் நிற்கும். யன்னலும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அது எங்கே முடிகிறது என்பது துணிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

இரண்டாவது, உயரம். கம்பியை யன்னல் சட்டத்துக்கு ஒட்டிப் போடாமல் 10, 15 செ.மீ. மேலே போடுங்கள். முகடு தாழ்ந்த பிளற்றுகளுக்கு இது மிகவும் உதவும். கண் துணியின் கோட்டைப் பிடித்து மேலே போகும், அறை உயர்ந்தது போல இருக்கும். துணி நிலத்துக்கு ஒன்று, இரண்டு செ.மீ. மேலே நிற்கட்டும். யன்னலுக்கும் நிலத்துக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கிற துணி, வளர்ந்த பிள்ளைக்குப் போன வருடக் காற்சட்டை போட்டது போல இருக்கும்.

ஆனால் ஒரு விலக்கு. யன்னலுக்குக் கீழே ஹீற்றர் இருந்தால் நீளத் துணி வேண்டாம். இரவில் மூடினால் சூடு துணிக்குப் பின்னால் ஏறிக் கண்ணாடி வழியாகத் தெருவுக்குப் போய்விடும். அங்கே துணி யன்னலின் அடி விளிம்பைத் தொட்டால் போதும். அது மின்சார ஹீற்றர் என்றால் துணி அதற்குக் கிட்டவே வரக்கூடாது. தீப்பிடிக்கும்.

மூன்றாவது, துணியின் மொத்த அகலம். கம்பியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு குறைந்த அளவு, இரண்டு மடங்கு நல்ல அளவு. காசை மிச்சம் பிடிக்க நினைத்து எல்லோரும் பிழை விடுகிற இடம் இதுதான். துணி போதாவிட்டால் மூடும்போது மடிப்பில்லாமல் இறுகி, வேட்டி காயப்போட்டது போல இருக்கும். விலை கூடின துணியைக் குறைவாக வாங்குவதைவிட, மலிவுத் துணியைத் தாராளமாக வாங்குவது வடிவு.

பிரித்தானியக் கடைகளில் தைத்த திரைச்சீலை பொதுவாக 117, 168, 229 செ.மீ. அகலங்களில் வரும். பொதியில் உள்ள அகலம் ஒரு துணிக்கு உரியது, சோடிக்கு இல்லை. தங்கச்சியின் யன்னல் 120 செ.மீ. கம்பி 160 செ.மீ. எடுத்தோம். 168 செ.மீ. துணி இரண்டு, மொத்தம் 336. இரண்டு மடங்குக்குச் சற்று மேல். கம்பி, துணி, ஆணி எல்லாம் சேர்த்து 70 பவுண்டுக்குள் முடிந்தது. அவள் இரண்டு தரம் நண்பர்களோடு வெளியே போய்ச் சாப்பிடுகிற காசு.

நான்காவது, நிறம். சின்ன அறைக்குச் சுவரின் நிறத்துக்குக் கிட்டின நிறம் பாதுகாப்பானது. வடக்குப் பார்த்த யன்னலில் வெளிச்சம் குளிராக, சாம்பலாக விழும், அங்கே மஞ்சள் கலந்த நிறங்கள் நல்லது. தெற்கு யன்னலில் கடும் நிறத் துணி இரண்டு கோடையில் வெளிறிவிடும்.

அம்மாவின் பழைய சேலையைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். பருத்திச் சேலை என்றால் தாராளமாக. சேலை சுமார் 5.5 மீற்றர் நீளம். குறுக்கே இரண்டாக வெட்டினால் 2.75 மீற்றரில் இரண்டு துண்டு, மடித்துத் தைத்தாலும் நிலம்வரை வரும். பகல் வெளிச்சம் அதனூடாக வரும்போது கரையின் நிறம் சுவரில் விழும். ஆனால் பட்டு வேண்டாம். வெயில் பட்டுநூலை அரித்துவிடும், சில வருடத்தில் கையோடு கிழிந்து வரும். கூறைச் சேலையை யன்னலில் போட்டுக் கெடுத்துவிட்டு அம்மாவுக்கு முன்னால் நிற்க என்னால் முடியாது. வெட்ட முதல் அவவிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

இப்போது நீங்கள் சொல்லப்போகிற மறுப்புகளுக்கு வருகிறேன்.

“வாடகை வீடு, சுவரில் துளை போடக்கூடாது.” உண்மை. ஆனால் நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா? தங்கச்சி கேட்கவில்லை. நான் சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டாள். போகும்போது துளையை அடைத்து நிறம் பூசிவிட்டுப் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டுக்காரர் சம்மதித்தார். மறுத்தால் யன்னல் குழிக்குள் இறுக்கி நிறுத்துகிற கம்பி இருக்கிறது, துளை தேவையில்லை. அது பாரமான துணியைத் தாங்காது, மெல்லிய துணிக்குப் போதும். துளை போடுகிறவர்களுக்கு ஒன்று: யன்னலுக்கு மேலே பெரும்பாலும் கொங்கிறீற் உத்தரம் இருக்கும். சாதாரண ட்ரில் அதில் வழுக்கும். அடித்துத் துளைக்கும் ட்ரில் ஒன்றை இரவல் வாங்குங்கள், எங்கள் சனத்தில் ஒரு மாமாவிடமாவது அது இருக்கும். அவர் தானும் வந்து அறிவுரை சொல்லுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“வெளியால போறவை பாப்பினம்.” இதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். கீழ் மாடியில் தனியாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு இது அழகு பற்றிய கேள்வியே இல்லை. ஆனால் இங்கே பௌதிகம் எங்களுக்கு உதவுகிறது. பகலில் வெளியே வெளிச்சம் கூட, உள்ளே குறைவு. மெல்லிய நெற் துணி ஒன்று போதும், வெளியே நிற்பவருக்கு வெள்ளையாக மட்டும் தெரியும், உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும். இரவில் விளக்குப் போட்ட உடனே இது தலைகீழாக மாறும். அப்போது நெற் துணி எதையும் மறைக்காது, தடித்த துணி வேண்டும். ஆகவே இரண்டு அடுக்குப் போடுங்கள். யன்னலோடு மெல்லியது, அறைப் பக்கம் தடித்தது. பகலில் தடித்தது ஒதுங்கட்டும், பொழுது பட்டதும் கூடட்டும்.

“பிளைண்ட் இருக்கே, காணாதா?” வாடகை வீடுகளில் பழைய சங்கிலி வைத்த பிளைண்ட் இருக்கும். சின்னப் பிள்ளைகள் வந்து போகிற வீடு என்றால் முதலில் அந்தச் சங்கிலியைப் பாருங்கள். தொங்குகிற வளையத்தில் கழுத்து மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். சங்கிலியைச் சுவரில் கொக்கி வைத்து இறுக்குங்கள். வளையத்தின் எந்தப் பகுதியும் நிலத்திலிருந்து 1.5 மீற்றருக்குக் கீழே தொங்கவிடாதீர்கள். பிளைண்ட் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும், ஆனால் அறைக்கு ஒரு மென்மையைத் தராது. அதை வைத்துக்கொண்டே மேலே துணியும் போடலாம்.

“அழகுக்காகக் காசு செலவழிப்பதா?” சரி, கணக்குக்கே வருகிறேன். பழைய ஒற்றைக் கண்ணாடி யன்னல்களை வைத்து கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் 2008இல் செய்த ஆய்வில், தடித்த திரைச்சீலையை மூடியபோது யன்னல் வழியே வெளியேறும் சூடு 14 சதவீதம் குறைந்தது. இரட்டைக் கண்ணாடியில் பலன் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் பகலில் தெற்கு யன்னலைத் திறந்துவைத்தால் வெயில் உள்ளே வந்து இலவசமாகச் சூடு தரும். பகலில் திற, இரவில் மூடு. கணக்கும் அதையே சொல்கிறது.

தங்கச்சியின் திரைச்சீலையை ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினோம். அடுத்த கிழமை ஒரு படம் அனுப்பினாள். யன்னலோரம் ஒரு கதிரை, கதிரையில் தேத்தண்ணிக் கோப்பை. அந்தக் கதிரை முன்பு மூலையில் உடுப்புக் குவிக்கிற இடமாக இருந்தது.

அம்மா வீட்டில் அவ்வளவு சுகமாக நடக்கவில்லை. “பழசு நல்லாத்தானே கிடக்கு” என்று இரண்டு மாதம் இழுத்தா. நான் வாதாடவில்லை. நீங்களும் உங்கள் அம்மாமாரோடு வாதாட வேண்டாம். பயத்தைப் பகுத்தறிவால் தோற்கடிக்கலாம் என்று நினைப்பது எங்கள் தலைமுறையின் அகங்காரம். புது நெற் துணியைத் தைத்துக்கொண்டு போனேன். 240 செ.மீ. கம்பி போட்டேன். தடித்த துணியின் நிறத்தை அம்மாவையே தெரிவுசெய்யச் சொன்னேன். மறுபடியும் மெரூன்தான் எடுத்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போய், பகலில் தெருவில் நிற்கவைத்து, “உள்ளுக்கு ஏதும் தெரியுதோ பாருங்கோ” என்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. “ஒண்டும் தெரியேல்ல” என்றா. முப்பது வருடம் அந்த வீட்டில் இருந்த மனிசி, தன் யன்னலை வெளியிலிருந்து அப்படி நின்று பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது காலையில் மெரூன் துணி ஒதுங்குகிறது. எல்லா நாளும் இல்லை, பெரும்பாலான நாட்களில். பொழுதுபட்டால் பழைய சட்டம் அப்படியே இருக்கிறது. போன கிழமை நான் போனபோது விளக்கின் சுவிட்சில் கையை வைத்தேன். குசினியிலிருந்து குரல் வந்தது, “தம்பி, கேட்டினை இழு முதல்.” இழுத்தேன். இரவைப் பொறுத்தவரை அம்மா சொல்வது எல்லாக் கணக்குக்கும் சரிதானே. பகலைத்தான் அவவுக்கு யாரும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை.

உங்கள் யன்னலை இன்றைக்கு அளந்து பாருங்கள்.